எலும்புக்கூட்டுக்குச் சதை போர்த்த வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஃபேண்டசி ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடும்) கேம் செய்திருக்கிறோம். எல்ஃப் (கூர்க்காது மாய மனிதர்), டிராகன், மந்திரவாதி, எலும்புக்கூட்டுப் படை என முழுக்க மேற்கத்திய பாணி. சீனாவில் விற்க ஆசை; ஓடினால் பிறகு படமாக எடுக்கும் எண்ணமும் உண்டு. "சீனக் கதாபாத்திரம் ஒன்று, கொஞ்சம் குங்ஃபூ சேர்த்தால்தான் அங்கே எடுபடும். எலும்புக்கூட்டைத் தூக்கிவிடுங்கள்" என்கிறார் தெரிந்த ஒருவர். செய்யலாமா?

பதில்: குங்ஃபூ வேண்டாம். எலும்புக்கூடு விஷயம், நீங்கள் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சீனாவில் மாயாஜாலக் கதைக்குப் பஞ்சமே இல்லை. வாள்வீரர் கதைகளுக்கு ஊஷியா, தவம் செய்து சித்தி பெற்று ஆகாயத்தில் பறப்பவர்கள் கதைகளுக்கு ஷியான்ஷியா என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. அதில் அவர்களோடு நீங்கள் போட்டி போட முடியாது. மேற்கத்திய பாணிக்கு வழங்கும் பெயர் ச்சீஹுவான். அதைத் தேடி வருகிறவருக்குக் கோட்டையும் எல்ஃபும்தான் வேண்டும். பிரியாணி கேட்டவர் இலையில் ஓரமாக இரண்டு இட்லி வைத்தால் எப்படி இருக்கும்?

2016இல் வந்த 'வார்கிராஃப்ட்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சுமார் 4.7 கோடி டாலரோடு படுத்துவிட்டது. சீனாவில் சுமார் 22 கோடி டாலர்! அங்கே பெயர்பெற்ற டேனியல் வூ அதில் நடித்திருந்தார், உண்மைதான். ஆனால் கோரைப்பல் வைத்த பச்சை நிற ஓர்க் மந்திரவாதியாக. முகமே அடையாளம் தெரியாது. படத்தைத் தூக்கி நிறுத்தியது 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேம். அது 2005இல் சீனாவுக்கு வந்தது. அப்போது நெட் சென்டர்களில் ராத்திரி முழுக்க அதை ஆடிக்கொண்டிருந்த மாணவர்கள், படம் வந்தபோது சம்பளம் வாங்குகிறவர்கள். பழைய சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனார்கள். (தயாரித்த நிறுவனத்தை அதே ஆண்டு தொடக்கத்தில் வாங்கியிருந்த வாண்டா என்ற சீன நிறுவனத்துக்குச் சீனா முழுக்கத் தியேட்டர்கள் இருந்ததும் உதவியது.)

அந்தப் 11 ஆண்டுகளில் அவர்கள் வாயில் ஊறிப்போனவை அந்தக் கேமின் சீனப் பெயர்கள். உங்கள் பணத்தையும் நேரத்தையும் போட வேண்டிய இடமும் அதுதான்.

மந்திரவாதிக்குச் சீன கேம்களில் வழங்கும் சொல் 'ஃபாஷி'. அது பௌத்தத் துறவிகளுக்குரிய மரியாதைப் பெயர். காஞ்சிபுரத்தைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்த யுவான் சுவாங்கை அவர்கள் சுவான்சாங் ஃபாஷி என்பார்கள். அதே ஃபாஷிதான் கேமில் தீப்பந்து எறிகிறார், யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் 'ஷூஷி' என்று ஒரு சொல் இருக்கிறது, அங்கே கவனம் தேவை. வார்கிராஃப்ட்டில் அது பேய்களை ஏவும் வார்லாக். பகடை உருட்டி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழக்கில் பிறவியிலேயே மந்திரசக்தி உள்ள சார்சரர். உங்கள் கேம் எந்த மரபைச் சேர்ந்தது என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், ஆடுகிறவர் ஒன்றை நினைத்துத் தேர்ந்தெடுப்பார், கையில் வருவது வேறாக இருக்கும்.

நல்ல பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹாரி பாட்டர் வில்லன் சாட்சி. வோல்டமோர்ட்டைச் சீனத்தில் 'ஃபூதிமோ' ஆக்கினார்கள். ஒலியும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, 'தரையோடு பதுங்கிய அசுரன்' என்ற பொருளும் கிடைக்கிறது. பிற்பாடு துப்பாக்கிச் சண்டை கேம்களில் புல்லுக்குள் குப்புறப் படுத்துச் சுடுகிறவனுக்கெல்லாம் அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது. 2023இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' படத்தின் சீனத் தலைப்பில் திருடர்கள் 'ஷியாதாவ்' ஆனார்கள். இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் நம் மலைக்கள்ளன் வகை. உங்கள் நண்பர் கேட்கும் சீன வாசனை இப்படி ஒரு சொல்லில் வந்தால் போதும்.

சரி, எலும்புக்கூடு. வாசல் இரண்டு.

ஒன்று, அரசு தரும் முறையான லைசென்ஸ். பான்ஹாவ் என்பார்கள். வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக வாங்க முடியாது; சீன நிறுவனம் ஒன்று உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும். 2018இல் மார்ச் முதல் டிசம்பர் வரையிலும், 2021 ஜூலை முதல் 2022 ஏப்ரல் வரையிலும் ஒரு புது லைசென்ஸ்கூட வரவில்லை. கைக்காசில் கேம் செய்பவர்கள் தாங்கும் காத்திருப்பு அல்ல அது. இந்த வழியில் போனால் எலும்புக்கு மாற்றுப் படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டிலேயே 2007இல் செத்தும் நடமாடும் பாத்திரங்களின் துருத்திய எலும்புகளுக்குச் சதை போர்த்தினார்கள். செத்த வீரரின் எலும்பு கிடந்த இடத்தில் கல்லறை முளைத்தது. 'எலும்புக்கூடு கூடாது' என்று சட்டத்தில் எங்கும் எழுதியில்லை. மூடநம்பிக்கையைப் பரப்பக் கூடாது என்றுதான் இருக்கிறது. அதை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் நிறுவனங்களே முந்திக்கொண்டு மூடிவிடுகின்றன. ஆனால் எலும்புக்கூடுகள் ஆடிப்பாடும் 'கோகோ' கார்ட்டூன் படம் 2017இல் அங்கே தடையில்லாமல் ஓடி வசூலை அள்ளியது!

இன்னொரு வாசல் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை. சீன ஆட்டக்காரர்கள் ஏராளமானோர் அதன் உலகப் பதிப்பில்தான் வாங்குகிறார்கள். அரசு ஏற்றதும் இல்லை, முழுக்க அடைத்ததும் இல்லை. நாளைக்கு என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 'பால்டர்ஸ் கேட் 3' கேம் இந்த வழியில்தான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது, ஆங்கிலக் குரல், சீன எழுத்து. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். எலும்புக்கூடு அப்படியே இருக்கட்டும்.

படத்தைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். 2012 உடன்பாட்டின்படி வருவாயில் பங்கு பெறும் வெளிநாட்டுப் படங்களுக்கு ஆண்டுக்கு 34 இடம், வசூலில் 25 சதவீதம். மற்றவை மொத்த விலைக்குப் போகும். நம் ஊர் யு, ஏ மாதிரி வயதுச் சான்றிதழ் அங்கே இல்லாததால், எல்லாருக்கும் ஏற்றதாக இல்லாத இடத்தில் கத்தரி விழும். 2022இல் 'ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்' மூன்றாம் படத்தில் இரு ஆண்களின் காதலைச் சொல்லும் 6 நொடி வசனம் போய்விட்டது.

மொழிபெயர்ப்பாளரை 'பாவ்துவான்' ஆடுகிறவர்களிடையே தேடுங்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ஆர்பிஜிக்கு அங்கே அதுதான் பெயர். மொழி தெரிந்தால் மட்டும் போதாது. எனக்குச் சரிபார்க்க வந்த ஒரு கோப்பில் ஆயுதக்கடையில் 'குனிந்து வணங்குதல், விலை 40 பொற்காசு' என்று இருந்தது. ஆங்கில 'போ'வை வில் என்றும் படிக்கலாம், வணக்கம் என்றும் படிக்கலாம்; எக்செல் தாளில் தனிச்சொல்லாக வந்தால் பாவம் அவர் என்ன செய்வார்? பட்டியலை அனுப்பும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வைத்து அனுப்புங்கள்.