கீரை கவருக்குள் ஏன் அழுகுகிறது? ஈரத்தைக் கட்டுப்படுத்தும் கவர்களால் பயன் உண்டா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: கொத்தமல்லி, புதினா, கீரையைப் பாலித்தீன் கவரில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்றாம் நாள் கொழகொழத்துவிடுகிறது, திறந்து வைத்தால் வாடிவிடுகிறது. சூப்பர் மார்க்கெட்டில் துளை போட்ட கவர், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் கவர் என்று வருகிறதே, அதில் விஷயம் இருக்கிறதா, வெறும் விளம்பரமா?

விஷயம் இருக்கிறது. ஆனால் கவர் எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்தால்தான் அதற்குக் கொடுக்கும் காசுக்குப் பலன் கிடைக்கும். திருச்சி பக்கம் ஒரு காய்கறி பேக்கிங் ஷெட்டில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். கறிவேப்பிலை, கொத்தமல்லி, முருங்கைக்காய், வெண்டைக்காய் என்று சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் விமானத்தில் போகும் சரக்கு. அங்கே கற்றதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு சித்திரை மாதம். கூல் ரூமில் வேறு சரக்கு நிறைந்திருந்தது. வயலிலிருந்து காலை பத்து மணிக்கு வந்த கொத்தமல்லியை ஆறவிடாமலே, துளை இல்லாத பிளாஸ்டிக் லைனருக்குள் வைத்து, வாயைக் கட்டி, ஐஸ் ஜெல்லோடு தெர்மோகோல் பெட்டிகளில் அடைத்தோம். நாற்பது பெட்டி. விமானமும் தாமதம். மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து போட்டோ வந்தது. லைனருக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. தழை கரும்பச்சையாகக் கூழாகியிருந்தது. ஒரு பெட்டிகூட தேறவில்லை. தழை கொடுத்த விவசாயிகளுக்குப் பணம் போய்ச் சேரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதில் ஒரு அம்மா அரை ஏக்கரில் கொத்தமல்லி மட்டுமே போட்டிருந்தவர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடுதான் நான் இந்த விஷயத்துக்குள் வந்தேன்.

பறித்த இலைக்கு உயிர் போய்விடுவதில்லை. அது மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, கரியமில வாயுவையும் கொஞ்சம் தண்ணீரையும் சூட்டையும் வெளியே விடுகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த மூச்சு இரண்டு, மூன்று மடங்கு வேகமாகும். இதைவிடப் பெரிய அளவில், இலையின் நுண்துளைகள் வழியே தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டிருக்கிறது. செடியில் இருந்தவரை வேர் அதை ஈடுகட்டியது. பறித்த பிறகு கொடுக்க ஆளில்லை. 100 கிராம் கீரைக்கட்டில் 3 முதல் 5 கிராம் தண்ணீர் போனாலே இலை தொங்கிவிடும். கடைக்காரர் விலையைக் குறைத்துவிடுவார்.

இதைத் தடுக்கத்தான் கவர். மூடிய கவருக்குள் கொஞ்ச நேரத்திலேயே காற்றில் நீராவி நிறைந்துவிடும். அதற்கு மேல் இலை தண்ணீரை இழக்காது. இதுவரை நல்லதுதான்.

குளிர வைக்கும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது. நீராவி நிறைந்த காற்று 30 டிகிரியில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் தண்ணீர் வைத்திருக்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். மிச்சம் சொட்டாக இறங்க வேண்டும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து லிட்டர் கொள்ளும் கவரில் உள்ள காற்று மொத்தமே 0.15 கிராம் தண்ணீர்தான் வைத்திருக்கும். அது குளிர்ந்தால் இறங்குவது ஓரிரு சொட்டு. கவரைத் திறந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் நிற்கிறதே, அது காற்றில் இருந்ததல்ல, இலையிலிருந்து வந்தது. கவரின் வெளிப்பக்கம் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. கட்டின் நடு இன்னும் சூடாக இருக்கிறது. சூடான நடுவிலிருந்து கிளம்பும் ஆவி குளிர்ந்த பிளாஸ்டிக்கில் போய் நீராகப் படிகிறது. இட்லிப் பானை மூடியில் தண்ணீர் கோர்த்து நிற்பது போலத்தான். கட்டு முழுதும் குளிரும்வரை இது நிற்காது. எங்கள் நாற்பது பெட்டியில் நடந்தது இதேதான். உள்ளே ஐஸ் ஜெல் வைத்தது நிலைமையை இன்னும் மோசமாக்கியிருக்கிறது.

சொட்டு இலைமேல் விழுந்ததும் அழுகல் தொடங்குகிறது. கீரையைக் கூழாக்கும் பாக்டீரியாக்களுக்கு நீராவி போதாது. ஓடுகிற, ஒட்டுகிற தண்ணீர் வேண்டும். ஒடிந்த காம்பு, கசங்கிய இலை போன்ற இடங்களில் அந்தத் தண்ணீர் வழியே உள்ளே புகுந்து, செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரைத்துவிடும். சாம்பல் பூஞ்சையின் வித்துகள் முளைக்கவும் இந்த ஈரம்தான் வேண்டும். சுற்றிலும் 95 சதவீதம் ஈரப்பதம் இருந்தாலும் இலைக்கு நல்லதுதான். அதே தண்ணீர் ஒரு சொட்டாகக் காம்பில் நின்றால் அந்த இடம் போய்விடும். ஆகவே நல்ல கவர் ஈரத்தை அடைத்து வைப்பதும் இல்லை, துரத்திவிடுவதும் இல்லை. அதைச் சொட்டாக விடாமல் ஆவியாகவே நிறுத்திவைக்கிறது.

எங்கள் அப்பா கொடிக்காலில் வெற்றிலை கட்டுகிறவர். மூங்கில் கூடையின் அடியில் நனைத்த வைக்கோல், சுற்றிலும் வாழைச் சருகு, நடுவில் கவுளி கவுளியாக (கட்டுக் கட்டாக) வெற்றிலை, மேலே மறுபடி சருகு, கடைசியில் ஈரச் சாக்கு. வழியில் தண்ணீர் தெளிப்பதானால் சாக்கின்மேல்தான் தெளிப்பார். இலைமேல் ஒரு துளி பட்டாலும் கோபம் வரும், "கறை விழுந்துடும்டா" என்பார். சருகு மிச்ச ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், காற்று உலர்ந்தால் திருப்பிக் கொடுக்கும். மூங்கில் இடுக்கு வழியே சூடு வெளியே போகும். சாக்கிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது கூடையும் குளிரும். அந்தக் கறை ஏன் விழுகிறது என்று பேக்கிங் ஷெட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சரி, இப்போது கடையில் கிடைக்கும் கவர்களுக்கு வருவோம். சாதாரண பாலித்தீன் நீராவியைக் கிட்டத்தட்ட விடவே விடாது. 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் கவரை 38 டிகிரி வெப்பத்தில், 90 சதவீத ஈரப்பதத்தில் சோதித்தால் ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு நாளைக்குச் சுமார் 15 முதல் 20 கிராம்தான் வெளியேறும். ஃபிரிட்ஜ் குளிரில் அதில் ஒரு சிறு பங்கு. அதனால்தான் துளை.

துளையில் இரண்டு வகை உண்டு. ஒன்று பஞ்ச் அடித்தது, 5 அல்லது 6 மில்லிமீட்டர் அகலம், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இது ஈரத்தை உண்மையிலேயே குறைக்கும். இன்னொன்று லேசரால் போடும் நுண்துளை, 50 முதல் 200 மைக்ரான். ஈரம் வெளியேறத்தான் இந்த நுண்துளை என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் வெகு நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது முக்கியமாக மூச்சுக்கான துளை. காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 21 கிலோபாஸ்கல். கவருக்குள் அது பாதியாகக் குறைந்தால், வெளியிலிருந்து உள்ளே தள்ளும் விசை 10 கிலோபாஸ்கல் இருக்கும். நீராவிக்கு அவ்வளவு பலம் இல்லை. 5 டிகிரியில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்றிலேயே அதன் அழுத்தம் 0.9 கிலோபாஸ்கலை எட்டாது. அதனால் ஒரே துளை வழியே ஆக்சிஜன் தேவையான அளவு உள்ளே வந்துவிடும், ஈரமோ உள்ளேயே தங்கிவிடும். இலை மூச்சுமுட்டிப் புளித்த வாடை அடிக்காமல் இருக்க நுண்துளை உதவும். சொட்டு பிடிப்பதை அது தடுக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஈரத்துக்கென்றே செய்த கவரில் துளையை நம்பாமல் பிளாஸ்டிக்கையே மாற்றுகிறார்கள். நைலான் தண்ணீரை ஈர்க்கும் பொருள். நீராவி அதில் கரைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். நைலான் கலந்த பைகளில் ஈரம் மெல்ல மெல்ல வெளியே போவதால் உள்ளே சொட்டு பிடிப்பது வெகுவாகக் குறையும். இஸ்ரேலின் ஸ்டெபேக் நிறுவனத்தின் எக்ஸ்டெண்ட் பைகள் இந்த வழியில் வந்தவை. மரக்கூழிலிருந்து செய்யும் செல்லுலோஸ் படலமும், மாவுச்சத்திலிருந்து வரும் பிஎல்ஏ படலமும் பாலித்தீனைவிடப் பல மடங்கு நீராவியை விடும்.

பனி பிடிக்காத கவர் என்று விற்கிறார்களே, அது வேறு. தண்ணீரின் அளவை அது குறைப்பதில்லை. சொட்டாகத் திரளவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகிறது. உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும், சொட்டு இலைமேல் விழுவதும் குறையும். அந்த அளவுக்கு நல்லதே.

எனக்கு மிகவும் பிடித்தது உப்புப் பை. கரைசலில் கரையாமல் உப்பு மிஞ்சி நிற்கும் நிலையில், சாதாரணச் சமையல் உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீத ஈரப்பதத்தில் பிடித்துவைக்கும். பொட்டாசியம் குளோரைடு என்றால் சுமார் 84. இதை வைத்து 1992-இல் ஷிராஸி, கேமரூன் என்ற இரு ஆய்வாளர்கள் தக்காளிப் பொதிக்குள் நீராவி மட்டும் புகும் சிறு உப்புப் பைகளை வைத்து ஈரத்தைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். தோல் தடித்த தக்காளிக்கு அது பொருந்தும். கீரைக்கு இதே உப்பை வைத்தால் இலையில் உள்ள தண்ணீரையெல்லாம் உறிஞ்சி வாடவைத்துவிடும்.

திராட்சை பேக்கிங் பார்க்க நாசிக் பக்கம் இரண்டு வாரம் போயிருந்தேன். ஏற்றுமதிப் பெட்டிக்குள் சோடியம் மெட்டாபைசல்பைட் வைத்த ஒரு தாள் வைப்பார்கள். பழத்திலிருந்து வரும் ஈரம் அதில் பட்டதும் கந்தக டை ஆக்சைடு கிளம்பி, சாம்பல் பூஞ்சையை அடக்கும். ஈரம் அதிகமானால் வாயுவும் அதிகமாகி, காம்பு பக்கத்தில் பழம் வெளுத்துவிடும். ஈரம் குறைந்தால் வாயு போதாது, காம்பும் பழுப்பேறிக் காய்ந்துவிடும். அதனால் லைனரில் எத்தனை துளை என்பதை அங்கே எண்ணித்தான் போடுகிறார்கள். ஒரு துளைக்கு இவ்வளவு மரியாதையா என்று வியந்து நின்றேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே கவர் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வெங்காயத்துக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதமே போதும், வலைச்சாக்குதான் சரி. பெரம்பலூர்க்காரர்கள் காற்றோட்டமாகப் பட்டறை (வெங்காயச் சேமிப்பு அமைப்பு) போட்டு வைப்பது அதற்காகத்தான். வெண்டைக்காயை 7 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் எந்தக் கவரும் காப்பாற்றாது. குளிரே அதைக் கெடுத்துவிடும்.

வீட்டுக்கு என்ன செய்யலாம்? முதலில் கீரையை வாங்கி வந்ததும் கழுவாதீர்கள். கழுவியே ஆக வேண்டுமென்றால் துணியில் பரப்பி நன்றாக உலரவிடுங்கள். கசங்கியது, மஞ்சளானது, ஒடிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பிறகு, கவரில் அடைக்கும் முன் ஒரு மணி நேரம் திறந்தபடியே, ஈரம் இல்லாத பருத்தித் துணி மட்டும் போர்த்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். கட்டின் நடு குளிர்ந்த பிறகே டப்பாவிலோ கவரிலோ போட வேண்டும். அந்த ஒரு மணி நேரம், விலை கூடிய கவரைவிட அதிகம் உதவும். டப்பாவின் அடியிலும் மேலேயும் உலர்ந்த துணி. இரண்டு நாளுக்கு ஒருமுறை துணியை மாற்றுங்கள். அப்பாவின் வாழைச் சருகு செய்த வேலையை இந்தத் துணி செய்கிறது.

பழைய செய்தித்தாள் வேண்டாம். அச்சு மையில் உள்ளவை உணவில் ஒட்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகளே உணவைச் செய்தித்தாளில் சுற்றக்கூடாது என்கின்றன.

இன்னொன்று, டப்பாவை ஃபிரிட்ஜின் கதவுப் பக்கமோ ஃப்ரீசரை ஒட்டியோ வைக்காதீர்கள். உள்ளே 95 சதவீதம் ஈரம் இருக்கும்போது வெப்பம் ஒரே ஒரு டிகிரி இறங்கினாலும் சொட்டு பிடித்துவிடும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அங்கே அதுதான் நடக்கிறது. கீழே இருக்கும் காய்கறி டிரேதான் நல்ல இடம்.

கடையில் வாங்கிய கவர் எப்படிப்பட்டது என்று நீங்களே சோதிக்கலாம். சமையலறைத் தராசில் 100 கிராம் கொத்தமல்லி எடைபோட்டு, குளிரவைத்து, அந்தக் கவரில் போட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு தழையை மட்டும் எடுத்து எடைபோடுங்கள். 97 கிராமுக்குக் குறையாமல் இருந்து, கவரின் உள்பக்கம் கைவிரலால் தடவினால் ஈரம் ஒட்டாமல் இருந்தால் அந்தக் கவர் உங்கள் ஃபிரிட்ஜுக்குப் பொருந்தும். எடை நிறையக் குறைந்தால் துளை அதிகம். ஒன்றிரண்டு துளையில் டேப் ஒட்டிப் பாருங்கள். விரல் நனைந்தால், ஊசித் துளை போதாது, அலுவலகங்களில் தாளுக்குத் துளை போடும் பஞ்சை எடுத்து நாலு மூலையிலும் ஒவ்வொன்று போட்டுவிட்டு மறுபடி எடைபோடுங்கள்.