அறை வெப்பநிலையில் சிஓஎஃப்: கேள்வி பதில்

கிண்டி ஆய்வு மாணவி: சார், சிஓஎஃப் (கரிம மூலக்கூறுகள் சகப்பிணைப்பால் கோத்து வலையா அமையும் நுண்துளைப் படிகப் பொருள்) செய்ய 120 டிகிரியில் மூணு நாள் வைக்கணும்னாங்க; எங்க லேபில் அதுக்கு சீல் டியூப் (வாயை மூடி சூடாக்கும் கண்ணாடிக் குழாய்) வசதி கிடையாது. சும்மா அறைச் சூட்டிலேயே சிஓஎஃப் வளருமா?

பதில்: வளரும்மா, இமைன் வகையை (அமீனும் ஆல்டிஹைடும் சேர்ந்து உண்டாகும் பிணைப்பு) எடுத்துக்கிட்டா. 1,3,5-ட்ரிஸ்(4-அமினோஃபீனைல்)பென்சீன் 35.1 மி.கி., டெரிஃப்தலால்டிஹைட் 20.1 மி.கி.; மோல் கணக்கில் 2:3. டையாக்சேன், மெசிட்டிலீன் 4:1 கலவை 2 மி.லி.யில் முழுசா கரையணும். கரையாத துகள் ஒண்ணு இருந்தாலும் லேசா சூடு காட்டுங்க. வினையூக்கியா ஸ்கேண்டியம் டிரைஃப்ளேட் 3 மி.கி. போட்டதும் நிமிஷக் கணக்கில் மஞ்சளா கெட்டியாகும். உடனே வடிகட்டிடாதீங்க, ஒரு ராத்திரி விடுங்க. தப்பா சேர்ந்த பிணைப்பு கழன்று சரியா பூட்டிக்க நேரம் வேணும்.

தரமணி: சென்னைப் புழுக்கத்துல ஈரம் கெடுத்துடாதா?

பதில்: போரோனேட் எஸ்டர் (போரான்-ஆக்சிஜன் பிணைப்பு) வகைன்னா கெடுக்கும். இமைனுக்குக் கொஞ்சம் தண்ணி நல்லது. பிணைப்பு கழல அதுதான் உதவுது. கவனிக்க வேண்டியது வேற: ஃப்ரீசரிலிருந்து எடுத்த அமீன் பாட்டிலை உடனே திறந்தா உள்ளே பனி பூக்கும், எடை பொய்யாகும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்க. டிரைஃப்ளேட்டும் ஈரம் இழுக்கும், டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய கலத்தில்) வையுங்க. அமீன் பழுப்பாயிருந்தா அது ஆக்சிஜன் வேலை. சுத்தம் பண்ணாம போடாதீங்க.

வேளச்சேரி: எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) 20 டிகிரி பக்கம் ஒரு மேடு மட்டும்தான். தோல்வியா?

பதில்: எந்தக் கோணத்திலிருந்து ஓட்டினீங்க? 5 டிகிரின்னா முக்கியமான பீக் வெளியிலேயே போச்சு. தாமிர எக்ஸ்-கதிருக்கு அது 2.8 டிகிரி கிட்ட வரும், 1.5 அல்லது 2-லிருந்து ஓட்டுங்க.

அதுக்கப்புறமும் இல்லைன்னா, காயவைக்கும் முன்னாடி ஈரத் தூளையே ஒருமுறை ஓட்டிப் பாருங்க. ஈரத்தில் பீக் இருந்து, காய்ந்ததும் காணோம்னா, வினை சரிதான். உலர்த்தினதுலதான் துளை நசுங்கிப் போச்சு. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு இழுவிசை சுவரை உள்ளே இழுக்கும். மெத்தனாலில் மூணு தரம் கழுவி வினையூக்கியை எடுத்துட்டு, அசிட்டோன், பிறகு ஹெக்சேன், அப்புறம் வேக்குவம். மெத்தனாலிலிருந்து நேரா ஹெக்சேனுக்குத் தாவாதீங்க, ரெண்டும் முழுசா கலக்காது.

அடையாறு: ஒற்றைப் படிகம் கிடைக்குமா?

பதில்: 2018-இல் அறை வெப்பநிலையிலேயே செஞ்சு காட்டினாங்க, அனிலீனை அதிகமா சேர்த்து. ஒரே அமீன் முனையுள்ள அது போய் ஆல்டிஹைட் முனையை மாத்தி மாத்தி அடைச்சுக்கும், வளர்ச்சி நிதானமாகும். வாரக்கணக்கில் ஆகும், பாட்டிலை ஆட்டக் கூடாது. அனிலீன் தோல் வழியா உடம்புக்குள்ள போகும். கையுறை இல்லாம தொடாதீங்க.