கேள்வி-பதில்: டைல்ஸுக்குப் பின்னால் போகும் பணம்

சம்பா அறுவடை முடிந்து நெல் காசு கைக்கு வந்தால் டெல்டாவில் இரண்டு வேலை தொடங்கும். ஒன்று கல்யாணப் பேச்சு, இன்னொன்று வீட்டு மராமத்து. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பாத்ரூமைப் பற்றித்தான். சுருக்கித் தந்திருக்கிறேன். மேஸ்திரிகளைத் திட்டிய பத்திகளையும், மைத்துனர்களைத் திட்டிய பத்திகளையும் வெட்டிவிட்டேன்.

எட்டுக்கு ஐந்து அடி பாத்ரூம். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. ஒட்டியுள்ள அறையின் சுவரில் ஓதம் ஏறிப் பெயின்ட் உரிகிறது. புது டைல்ஸ் போட்டால் நின்றுவிடும் என்கிறார் கடைக்காரர். எந்த டைல்ஸ் வாங்கலாம்?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி*

டைல்ஸ் கடைக்காரர் வேறென்ன சொல்வார்? ஓதம் டைல்ஸால் வருவதில்லை, டைல்ஸால் போவதும் இல்லை. இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். காலை வரை மோட்டார் போட வேண்டாம், யாரும் தண்ணீர் திறக்கவும் வேண்டாம். மட்டம் இறங்கியிருந்தால் பெரும்பாலும் சுவருக்குள் குழாய் கசிகிறது. இறங்கவில்லை என்றால் தரையையும் கழிவுக் குழாயையும் சந்தேகப்படலாம். வாட்டம் சரியில்லாமல் மூலையில் தண்ணீர் தேங்கி இறங்கும். வீடு முழுக்கவே சுவரடியில் ஓதம் இருந்தால் அது மண்ணிலிருந்து ஏறுவது, பாத்ரூம் மேல் பழி போடாதீர்கள்.

இப்போது கணக்கு. நான்கு சுவரும் சேர்த்து 26 அடி. ஏழு அடி உயரத்துக்கு 182 சதுர அடி. கதவுக்கு 17 கழித்து, தரைக்கு 40 கூட்டினால் 205. வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 225 என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர அடி 45 ரூபாய் டைல்ஸ் எடுத்தால் 10,000 ரூபாய் சொச்சம், 90 ரூபாய்க்கு எடுத்தால் 20,000 சொச்சம். அந்த இடைவெளியில் இருக்கும் 10,000 ரூபாயை நீங்கள் சுவரில் ஒட்டப் போகிறீர்களா, தரைக்கு அடியில் வாட்டர்புரூஃபிங்குக்கும் புதுக் குழாய்க்கும் போடப் போகிறீர்களா என்பதுதான் கேள்வி. என் ஓட்டு தரைக்கு.

தரையை உடைத்து வாட்டர்புரூஃபிங் பூசிய பிறகு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால், வாசலில் ஒரு வரிசை செங்கல் கட்டி, நானி டிராப்பை (தரைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டையை) அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். ஒரு முழு நாள் நிற்கட்டும், ஒதுக்க முடிந்தால் இரண்டு நாள். "அதெல்லாம் வேண்டாம் சார், நான் கியாரண்டி" என்று மேஸ்திரி சொன்னால் கண்டிப்பாக நிறுத்துங்கள்.

கையில் 30,000தான் என்றாலும் இதே வரிசைதான்: தரை, டிராப், குழாய். சுவரைத் தொடாமல் பழைய டைல்ஸோடே விட்டுவிடலாம், யாரும் சாக மாட்டார்கள். ஒன்றரை லட்சம் இருந்தாலும் முதல் 30,000 போக வேண்டிய இடம் அதுவே. ஸ்டைல் எல்லாம் அதற்குப் பிறகு மிஞ்சும் காசில்.

வெள்ளை மார்பிளில் பாத்ரூம் முழுக்கப் போட ஆசை. போடலாமா?
*— திருவாரூர் வாசகி*

போடலாம். ஆனால் மார்பிளும் சுண்ணாம்புக் குடும்பம்தான், ஆசிட் பட்டால் பொரிந்துவிடும். உங்கள் வீட்டில் பாத்ரூம் கழுவுவது யார் என்று கேட்டு, அவரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹோட்டலில் இருப்பது மாதிரி ஒரு அடி அகலத்தில் ரெயின் ஷவர் வாங்கி மாட்டினேன். தண்ணீர் சொட்டுகிறது. கம்பெனியில் கேட்டால் பொருளில் குறையில்லை என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
*— ஒரத்தநாடு*

இல்லை, கம்பெனி சொல்வது சரி. உங்கள் வீடு தரைத்தளம் மட்டும். மொட்டைமாடி பத்தடி உயரம், அதன் மேல் மூன்றடி மேடையில் தொட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். ஷவர் ஏழடியில் இருக்கிறது. தொட்டித் தண்ணீரையும் சேர்த்தால் ஷவருக்கு மேலே எட்டடி உயரம்தான் கிடைக்கும். அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் அளப்பார்கள், சுமார் 33 அடி உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம். உங்களுக்குக் கிடைப்பது கால் பார். பெரிய ஷவர்களின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் எத்தனை பார் வேண்டும் என்று பெரும்பாலும் போட்டிருக்கும், அதை யாரும் திருப்புவதில்லை. பிரஷர் பம்ப் வைக்கலாம், அது கரண்ட் கேட்கும், சத்தம் போடும். இல்லையென்றால் நாலு அங்குல ஷவர் ஒன்றை மாட்டிவிட்டு நிம்மதியாகக் குளியுங்கள்.

என் வீட்டில் ஆறு இடத்திலிருந்து பீய்ச்சும் ஷவர் பேனல் ஒன்று இருக்கிறது. இடுப்பில் பட வேண்டிய தண்ணீர் சுவரோடு வழியும். இப்போது அதில் துண்டு காயப் போடுகிறோம். நல்ல உறுதியான பேனல்.

கொத்தனார் குறிப்பிட்ட ஒரு கடையில்தான் சாமான் எடுக்க வேண்டும் என்கிறார். ஏன்?
*— பாபநாசம்*

கமிஷன். பட்டியலை அவரிடம் வாங்குங்கள், விலையை மூன்று கடையில் கேளுங்கள்.

எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. பளபள குழாய்கள் வருஷத்துக்குள் பச்சை பூத்து, பிடி இறுகிவிடுகிறது. இரண்டு தடவை மாற்றிவிட்டோம்.
*— வேதாரண்யம்*

உப்புத் தண்ணீரும் கடல் காற்றும் சேர்ந்த ஊரில் குழாயின் பளபளப்பு பெட்டியைப் பிரித்த அன்றிலிருந்தே இறங்குமுகம். கையில் எடுத்து எடை பாருங்கள். லேசாக இருந்தால் பித்தளை இல்லை, துத்தநாகக் கலவைக்கு முலாம் பூசியது, அதுதான் முதலில் பொரியும். கனமான பித்தளையில் ஐஎஸ்ஐ முத்திரை போட்டதாக எடுங்கள். கொல்லைக் குழாய், வாளிக் குழாய் இதற்கெல்லாம் பிடிஎம்டி என்று கேட்டால் கெட்டி பிளாஸ்டிக் குழாய் தருவார்கள். பார்க்க ஏழை மாதிரி இருக்கும், உப்பு அதை ஒன்றும் செய்யாது. கறுப்புப் பூச்சுக் குழாய் பக்கமே போகாதீர்கள். நான் போனேன். உப்புக் கறை வெள்ளை வெள்ளையாகத் தெரிவதற்கென்றே செய்த நிறம் அது.

முக்கியமானது: உப்புக் கறையை எடுக்க ஆசிட் ஊற்றாதீர்கள். முலாமும் போகும், டைல்ஸ் இடுக்குப் பூச்சும் போகும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, மூச்சு முட்டும். கறைக்கு எலுமிச்சம்பழத் தோல் போதும், குளித்ததும் ஒரு துணியால் துடைப்பது அதைவிட நல்லது.

ஆஃபரில் வெஸ்டர்ன் டாய்லெட் ஆன்லைனில் வாங்கினேன். பிளம்பர் பொருந்தாது என்கிறார். டைல்ஸும் மூன்று பெட்டி குறைந்துவிட்டது. மறுபடி வாங்கியதில் நிறம் மாறியிருக்கிறது. கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா?
*— பட்டுக்கோட்டை*

எதற்காக? நீங்கள் அளக்காததற்கா? கழிவு சுவர் வழியாகப் போனால் பி டிராப், தரை வழியாகப் போனால் எஸ் டிராப். எஸ் டிராப்பில் டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து தரை ஓட்டையின் நடு வரை எத்தனை அங்குலம் என்று அளக்க வேண்டும், ஒன்பது, பன்னிரண்டு என்று தனித்தனியாக வரும். உங்கள் கடிதத்தில் எந்த அளவும் இல்லை, ஆஃபர் எத்தனை சதவீதம் என்பது மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது.

டைல்ஸ் பெட்டியில் பேட்ச் எண், ஷேட் எண் அச்சடித்திருக்கும். ஒரே டிசைனானாலும் அடுத்த சூளையில் நிறம் கொஞ்சம் மாறும். அதனால்தான் ஒரே தடவையில், கொஞ்சம் கூடுதலாக எடுக்கச் சொல்கிறோம். நிறம் மாறிய டைல்ஸைக் கதவுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு ஒதுக்குங்கள். பிரிக்காத டாய்லெட் பெட்டியைத் திருப்பி எடுக்க ஆன்லைன் கடை கொடுத்த கெடு முடிந்துவிட்டதா என்று உடனே பாருங்கள், எனக்கு அடுத்த கடிதம் எழுதுவதற்கு முன்.

டைல்ஸ் வந்த பெட்டிகளில் ஐந்தில் மூலை உடைந்திருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், "விற்ற பொருள் வாபஸ் வாங்கப்பட மாட்டாது" என்ற பலகையைக் காட்டுகிறார். பில் இல்லை, துண்டுச் சீட்டுதான் தந்தார்.
*— தஞ்சாவூர்*

இந்தப் பலகையைப் பற்றி எழுத எனக்கு எத்தனை பக்கம் கொடுத்தாலும் போதாது. பிள்ளையார் படத்துக்குக் கீழே, ஊதுவத்தி ஸ்டாண்டுக்கு மேலே, எல்லாக் கடையிலும் சட்டம் மாதிரி தொங்குகிறது. அது சட்டம் இல்லை, வெறும் பலகை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு ஏதும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. கவனியுங்கள், குறையுள்ள பொருள் என்றுதான் சட்டம் சொல்கிறது. மனைவிக்கு நிறம் பிடிக்கவில்லை என்பது குறையில் சேராது.

துண்டுச் சீட்டுக்கு வருவோம். "பில் போட்டா பதினெட்டு பர்சன்ட் கூட ஆகும் சார், உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்பார். நாமும் ஏதோ நமக்கு உறவுக்காரர் மாதிரி தலையாட்டுவோம். ஒரு லட்சம் ரூபாய்க்கு 18,000 மிச்சம் என்று சந்தோஷம். அந்த நிமிடமே உங்கள் கையிலிருந்து போய்விடுவது என்னென்ன? பேட்ச் எண்ணுக்கு அத்தாட்சி போச்சு. பத்து வருஷ வாரண்டி போச்சு. ஒரே டிசைன் டைல்ஸ் பிரீமியம், ஸ்டாண்டர்ட், கமர்ஷியல் என்று தரம் பிரித்து வருகிறது. ஷோரூமில் பிரீமியத்தைக் காட்டிவிட்டு, லோடில் கமர்ஷியலை ஏற்றிவிட்டால், எதை விற்றார் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? வரியைக் கட்டாமல் விட்டவர் கடைக்காரர், அதன் முழு ஆபத்தும் உங்கள் தலையில். காசு உள்ளவர்கள், படித்தவர்கள், சொந்த ஆபீஸில் ஒரு ரூபாய் டீக்குக்கூட வவுச்சர் கேட்பவர்கள் எல்லாம் டைல்ஸ் கடையில் வாயை மூடிக்கொள்வது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. ஜிபேயில் பணம் போட்ட பதிவு, துண்டுச் சீட்டு, லோடு இறக்கிய அன்று எடுத்த போட்டோ, கடைக்காரரின் வாட்ஸ்அப் எல்லாமே ஆதாரம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். உடைந்த டைல்ஸை மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.

கணவர் துபாயில். பழைய பாத்ரூமை உடைத்துப் புதிதாகக் கட்ட ஒரு கான்ட்ராக்டருக்கு 80,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினோம். மூன்று நாள் உடைத்துப் போட்டுவிட்டுப் போனவர், இப்போது போனை எடுப்பதில்லை. மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போய்க் குளிக்கிறார். என் மேல்தான் தப்பு என்கிறார்கள்.
*— கும்பகோணம்*

அம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை. வேலையை நம்பிக் கொடுத்தது குற்றமில்லை, வாங்கிக்கொண்டு போனதுதான் குற்றம். இதை உங்கள் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

இனி செய்ய வேண்டியது. உடைந்து கிடப்பதை எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். பணம் அனுப்பிய பேங்க் பதிவை அச்செடுங்கள். வேறு ஒரு மேஸ்திரியிடம், இதுவரை நடந்த வேலைக்கு மதிப்பு எவ்வளவு, முடிக்க எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். கான்ட்ராக்டருக்கு 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வையுங்கள், அதுவும் ஆதாரம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், உங்களுக்குத் தஞ்சாவூர். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று தெரிந்தால் போலீஸிலும் எழுதிக் கொடுங்கள்.

போட்டோவும் மதிப்பீடும் எடுத்த பிறகு வேலையை வேறு ஆளை வைத்து முடித்துவிடுங்கள். வழக்கு முடியும்வரை மாமியார் பக்கத்து வீட்டில் குளிக்க வேண்டியதில்லை. அடுத்த மேஸ்திரிக்கு வேலைக்குத் தக்கபடி பிரித்துக் கொடுங்கள்: உடைத்தபின், குழாய் போட்டபின், தண்ணீர் நிறுத்திப் பார்த்தபின், டைல்ஸ் முடிந்தபின்.

ஓட்டு வீடு, கொல்லையில் பாத்ரூம். அம்மாவுக்கு 78 வயது. வீட்டின் பழைய தோற்றத்துக்கு ஏற்ப ஆத்தங்குடிக் கல் போடலாமா?
*— திருவையாறு*

வீட்டுக் கூடத்தில் போடுங்கள், அழகு. கண்ணாடி மேல் சிமெண்ட் வார்த்துச் செய்யும் கல் அது, ஈரத்தில் வழுக்கும், ஆசிட் தாங்காது. அம்மா நடக்கும் ஈரத் தரைக்கு மேட் ஃபினிஷில் ஓரடி டைல்ஸ் போதும். சின்ன டைல்ஸில் வாட்டமும் எளிதாக வரும். டாய்லெட் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் ஸ்டீல் கைப்பிடி வையுங்கள், அதை ஆணி அடித்து மாட்டாமல் சுவருக்குள் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். கதவு வெளியே திறக்கட்டும். உள்ளே விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவரே அடைத்துக்கொண்டு கிடப்பார். கொல்லைக்கு இறங்கும் படி எத்தனை என்று எழுதவில்லை. இரண்டுக்கு மேல் என்றால், கல்லுக்கு ஒதுக்கிய காசில் கைப்பிடிச் சுவர் கட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் டாய்லெட்டில் தண்ணீர் எதிர்த்து வருகிறது. புது டாய்லெட் மாற்றினால் சரியாகுமா?
*— சீர்காழி*

ஆகாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி உறிஞ்சு குழி நிரம்பிவிடுகிறது, செப்டிக் டேங்க் தண்ணீருக்குப் போக இடமில்லை. டாய்லெட் தளத்தை உயர்த்துங்கள், டேங்கின் வெளியேற்றும் குழாயில் ஒருவழி வால்வு வைக்க இடம் இருக்கிறதா என்று பிளம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். அடைமழையில் லாரி வைத்து டேங்கை முழுதாக உறிஞ்ச வேண்டாம். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது காலி டேங்க், அதிலும் பிளாஸ்டிக் டேங்க், மேலே மிதந்து வந்துவிடும். வேலையைச் சித்திரையில் வையுங்கள், தண்ணீர் மட்டம் கீழே இருக்கும்.

கீசர் 15 லிட்டரா, 25 லிட்டரா?
*— மயிலாடுதுறை*

வாளியில் விளாவிக் குளிக்கும் வீட்டுக்கு 15 போதும். இரண்டு கிலோவாட் இழுக்கும், அதனால் 16 ஆம்ப் பிளக், தனி ஒயர், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்). வீட்டில் எர்த் ஒழுங்காக இல்லையென்றால் முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கீசர் அடுத்த மாதம் வரட்டும்.