கரண்ட் கேள்வி-பதில்: நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல்?

பில் திடீரென்று ஏறிவிட்டது. எந்தச் சாமான் காரணம்? (தேவகோட்டை)

வீட்டில் என்னென்ன இருக்கிறது, எது எத்தனை மணி ஓடுகிறது, ஒன்றையும் எழுதவில்லை. வெற்றிலையில் மை போட்டா பார்க்க முடியும்? எத்தனை முறை சொன்னாலும் இதே கதை: வாட்டையும் மணியையும் சேர்த்து எழுதுங்கள்.

நீங்களே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். மீட்டரில் 3200 என்று அச்சிட்டிருந்தால் 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சந்தேகப்படும் சாமானை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையை 19-ஆல் பெருக்கினால் வாட். 1600 மீட்டர் என்றால் 38-ஆல். 3200 மீட்டரில் பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 4 சிமிட்டல். குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 2-ஐத் தொடாது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியதா என்றும் பாருங்கள். தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரையிலான சலுகை விலை போய்விடும். ஒரே யூனிட்டில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறுவது இதனால்தான்.

கிரைண்டர்தான் கரண்டைக் குடிக்கிறது என்கிறார் மாமியார். உண்மையா? (புதுவயல்)

இல்லை. 2 லிட்டர் டேபிள் டாப் 150 வாட். முக்கால் மணி ஆட்டினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. வெள்ளைப் பணியாரத்துக்கென்று தினமும் ஆட்டினாலும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்தான். மூலையில் சத்தமில்லாமல் நிற்கும் ஃபிரிட்ஜ் 40 யூனிட் எடுக்கும்.

பிளக்கில் சொருகினால் 40 சதவீதம் மிச்சமாகும் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். கண்ணெதிரே மீட்டர் வைத்துக் காட்டினார்கள். வாங்கலாமா? (பள்ளத்தூர்)

வாங்காதீர்கள். போன முறையும் சொன்னேன், அதற்கு முந்தின முறையும் சொன்னேன்.

அவர்கள் காட்டியது வீட்டு மீட்டரை அல்ல, வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரை. அது ஆம்பியரைக் காட்டும். வீட்டுக்கு பில் போடுவது வாட்டுக்கு. வித்தை இதுதான்: செம்புச் சோக் வைத்த பழைய டியூப்லைட்டை எரியவிடுவார்கள். அது 0.43 ஆம்பியர் இழுக்கும். பெட்டியைச் சொருகியதும் 0.25-க்கு இறங்கும். நாற்பது சதவீதம், சொன்னபடியே! ஆனால் டியூப்லைட் எடுக்கும் வாட் முன்பும் 55, பின்பும் 55. இறங்கியது சோக் சும்மா இழுத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த கரண்ட். அதை இப்போது பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் கொடுத்து வாங்குகிறது. வீட்டு பில்லில் அதற்கு என்றைக்கும் காசு போட்டதில்லை.

அடுத்த முறை வந்தால் முகப்பில் இருக்கும் மீட்டருக்குக் கூட்டிப்போங்கள். அந்த டியூப்லைட் மட்டும் எரியட்டும். 3200 மீட்டரில் பெட்டி இல்லாமல் ஐந்து நிமிடம் எண்ணினால் 15 சிமிட்டல் வரும். பெட்டியோடும் அதே 15 வரும். அதற்குள் ஆள் பையைக் கட்டிவிடுவார். தொழிற்சாலைகளுக்குப் பவர் ஃபேக்டர் கணக்கு, அதாவது இழுக்கும் கரண்டில் எவ்வளவு வேலைக்குப் போகிறது என்ற கணக்கு உண்டு; அங்கே கெப்பாசிட்டர் காசைக் காப்பாற்றும். அந்த உண்மையைத்தான் வீட்டு வாசலில் பொய்யாக்கி விற்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் ஒரு கெப்பாசிட்டர், ஒரு பச்சை விளக்கு. மட்டமான சரக்கு என்றால் அதுவே சூடாகி உருகும். அந்தக் காசுக்கு எல்இடி டியூப் வாங்குங்கள்: 55 வாட் 20 ஆகும்.

சென்னையில் இருக்கிறோம். ஊர் வீடு பூட்டியே கிடக்கிறது, முகப்பு விளக்கு மட்டும் எரியும். 80 யூனிட் காட்டுகிறதே? (கோட்டையூர்)

கேமராவை மறந்துவிட்டீர்கள். நான்கு கேமராவும் ரெக்கார்டரும் 35 வாட்; இரண்டு மாதம் 1440 மணி, ஆக 50 யூனிட். நிறைந்த பேட்டரியைக் காத்து நிற்கும் இன்வெர்ட்டர் 25. விளக்கு 6. கணக்கு சரியாகிவிட்டதே!

எல்லாச் சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிய பிறகும் மீட்டர் சிமிட்டினால் கதை வேறு. மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயர் மழை ஈரத்தில் கரண்டைக் கசியவிடும். எலக்ட்ரீஷியனை வயரின் உறை கசிகிறதா என்று அளக்கும் மெக்கர் கருவியைக் கொண்டுவரச் சொல்லிச் சோதியுங்கள். கசிந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் போடுங்கள். கசிவு காசு மட்டுமல்ல, உயிர்.

பதினாறு அடி உயர அறைக்கு ஒன்றரை டன் ஏசி போதுமா? (கானாடுகாத்தான்)

அறையின் நீள அகலம் எழுதாமல் உயரத்தை மட்டும் எழுதினால்? பத்துக்குப் பன்னிரண்டு என்றால் போதும், ஆனால் குளிர நேரமாகும். இரட்டைக் கதவின் கீழ் இடுக்கை முதலில் அடையுங்கள். 26-இல் வைத்து மெதுவாக ஃபேன் போடுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 6 முதல் 8 யூனிட் ஆகும். போர்டிலிருந்து தனி 4 சதுர மில்லிமீட்டர் வயர், அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே அணையும் தனி எம்சிபி சுவிட்ச் கட்டாயம். மறுபடியும் சொல்கிறேன்: மரச்சட்டத்துப் பழைய வயரில் ஏசியைத் தொடுக்காதீர்கள்.

ஃபேன் வேகத்தைக் குறைத்தால் கரண்ட் குறையுமா? (காரைக்குடி)

எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் நன்றாகக் குறையும். பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் என்றால் கையை வைத்துப் பாருங்கள். மிச்சமாக வேண்டியதில் பெரும்பகுதி அங்கே சூடாகப் போகிறது.

கீசர் 2000 வாட். பயமாக இருக்கிறது. (திருப்பத்தூர்)

எத்தனை நிமிடம்?