வேவ்கைடுக்கு வெளியே இருக்கும் துகளை ஒளி எப்படிப் பிடிக்கிறது?

வணக்கம் சார்,

ஒளிக்கு நிறை இல்லாவிட்டாலும் உந்தம் உண்டு, அதனால் துகளைத் தள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். அது புரிந்தது. ஆனால் சிப்பின் மேல் உள்ள வேவ்கைடு (ஒளியைத் தன் வழியே கொண்டுசெல்லும் மெல்லிய தடம்) துகள்களைப் பிடித்து நகர்த்துகிறது என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். முழு அக எதிரொளிப்பால் ஒளி உள்ளேயே அடைபட்டிருக்கிறது. துகளோ வெளியே தண்ணீரில் இருக்கிறது. அப்புறம் எப்படி? நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியுமா?

கவிதா

அன்புள்ள கவிதா,

ஒளி முழுக்க உள்ளேயே இருப்பதில்லை. பாடப்புத்தகப் படத்தில் கதிர் சுவரில் பட்டு அப்படியே திரும்பிவிடும். உண்மையில் அது அலை; எல்லையில் சட்டென்று பூஜ்யமாகிவிட அதனால் முடியாது. சுவரைத் தாண்டி ஓரிரு நூறு நானோமீட்டருக்குள் வேகமாகத் தேய்ந்தபடி, தடத்தை ஒட்டியே ஓடுகிறது. துகள் அந்த மெல்லிய அடுக்குக்குள் வந்துவிட்டால் போதும்.

அங்கே இரண்டு விசைகள். ஒளியின் மின்புலம் துகளுக்குள் மின்னூட்டங்களைச் சற்றே விலக்கி வைக்கிறது. துகளின் ஒளிவிலகல் எண் தண்ணீரைவிட அதிகமென்றால், புலம் வலுவாக இருக்கும் பக்கம் அது இழுபடும். புலம் திசை மாறும்போது விலகலும் சேர்ந்தே மாறுவதால், இழுப்பு எப்போதும் சுவரை நோக்கித்தான். இரண்டாவது, நீங்கள் சொன்ன தள்ளல், தடத்தின் வழியே. சுவரோடு பிடித்து வைப்பது முதலாவது, ஓட்டிச் செல்வது இரண்டாவது.

1 மில்லிவாட் ஒளி முழுவதையும் ஒரு பொருள் உறிஞ்சினால் கிடைக்கும் விசை சுமார் 3.3 பிக்கோநியூட்டன். துகளுக்குப் போய்ச் சேர்வது அதில் சிறு பங்குதான். ஆனால் 1 மைக்ரான் பாலிஸ்டைரின் மணி தண்ணீரில் காட்டும் எடை அதில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதையும் பாருங்கள்.

இதற்கு லென்ஸே போதாதா என்று கேட்கலாம். இயற்பியலாளர் ஆர்தர் ஆஷ்கின் 1986-ல் சகாக்களோடு செய்து காட்டிய ஒளி இடுக்கி, அதாவது குவித்த ஒளியால் துகளைப் பிடிக்கும் கருவி, லென்ஸால் ஆனதுதான். 2018-ல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. ஆனால் லென்ஸ் குவிக்கும் புள்ளியைத் தாண்டியதும் ஒளி விரிந்துவிடும். வேவ்கைடில் அந்தச் செறிவு சென்டிமீட்டர் கணக்கில் நீடிக்கும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். 1996-லேயே கவாட்டா, தானி என்ற ஆய்வாளர்கள் வேவ்கைடின் மேல் துகள்களை ஓட்டிக் காட்டிவிட்டார்கள்.

சிக்கல் துகள் சிறுக்கும்போது வருகிறது. நானோ அளவில் இழுப்பு கன அளவைப் பொறுத்தது: விட்டம் பாதியானால் விசை எட்டில் ஒன்று. தண்ணீர் மூலக்கூறுகளின் மோதலோ விடுவதில்லை. பிரௌனியன் இயக்கம் துகளைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். இதற்கு கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2009-ல் நல்ல வழி காட்டினார்கள். இரண்டு சிலிக்கான் தண்டுகளுக்கு நடுவே 100 நானோமீட்டர் அளவில் ஓர் இடுக்கு. ஒளி அந்த இடுக்கில்தான் அதிகம் செறிகிறது, தண்ணீரும் அங்கேயே ஓடுகிறது. 75 நானோமீட்டர் துகள்களையும் டிஎன்ஏ இழைகளையும் அதில் பிடித்தார்கள்.

நிறுத்துவது பற்றி. இரு முனையிலிருந்தும் ஒளியை அனுப்பினால் தள்ளல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யும், சுவரை நோக்கிய இழுப்பு மட்டும் மிஞ்சும். துகள் நிற்கும். ஒரு முனையில் திறனைக் கூட்டினால் எதிர்ப்பக்கம் நகரும். நடைமுறையில் துகள் சுவரில் ஒட்டிக்கொள்வதுதான் பெரிய தொந்தரவு. இரண்டு பரப்புகளிலும் ஒரேவகை மின்னூட்டம் இருக்கும்படி கரைசலைத் தயாரித்து, உப்பையும் குறைவாக வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.