நிரந்தர லைசென்ஸ் இருக்க, ஆண்டுச் சந்தா எதற்கு?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஒரே கணினியைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரித்து ஓட்டும் விஎம்வேர் மென்பொருளை இரண்டு சர்வர்களில் நிறுவி, நோயாளிப் பதிவேடு, லேப், பார்மசி பில்லிங், டாலி என எட்டு மெய்நிகர் சர்வர்களை ஓட்டுகிறோம். சப்போர்ட் முடிந்துவிட்டதால் எங்கள் நிரந்தர லைசென்சும் செல்லாது, ஆண்டுச் சந்தாவுக்கு மாறியே ஆக வேண்டும் என்று டீலர் ஒரு பெரிய தொகைக்குக் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார். அதே வேலையைச் செய்யும், இலவசமாகக் கிடைக்கும் புராக்ஸ்மாக்ஸுக்கு மாறிவிடலாம் என்கிறார்கள் சிலர். என்ன செய்யலாம், ஐயா?

பதில்: டீலர் சொன்னதில் பாதி மட்டுமே சரி. 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம் நிறுவனம், அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது உண்மை. ஆனால் நீங்கள் முன்பே வாங்கிய லைசென்ஸ் அதனால் செல்லாமல் போகவில்லை. வாங்கிய பதிப்பைத் தொடர்ந்து ஓட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. முடிந்துபோனவை சப்போர்ட்டும், புதிய அப்டேட்களைப் பெறும் உரிமையுமே. உங்களுடையது 7ஆம் பதிப்பு என்றால் அதன் பொது சப்போர்ட் 2025 அக்டோபர் 2 அன்றே நின்றுவிட்டது. 8 என்றால் அந்தப் பதிப்புக்கு 2027 அக்டோபர் வரை இருக்கிறது. ஆகவே மாற வேண்டிய காரணம் பாதுகாப்புதானே தவிர, சட்டம் அல்ல. பயந்து இந்த வாரமே கையெழுத்துப் போட வேண்டாம். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம்.

கொட்டேஷனில் கோர் (பிராசசருக்குள் கணக்கிடும் பகுதி) எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு பிராசசரில் எத்தனை கோர் இருந்தாலும் குறைந்தது 16 என்றே கணக்கிடுவார்கள். ஒவ்வொரு சர்வரிலும் 8 கோர் பிராசசர் இரண்டு இருந்தால், உங்களிடம் இருப்பது 32 கோர், பணம் கட்டுவது 64 கோருக்கு. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால், ஜவுளிக்கடைக்காரர் போல அந்த வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுக்க உங்களால் பெரும்பாலும் இயலாது. அதையும் விலையாகவே எண்ணுங்கள்.

மாற்று எது என்பது, எட்டில் எத்தனை விண்டோஸ் சர்வர் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானவை விண்டோஸ் என்றால், பீரோவில் இருக்கும் பழைய பில்களை முதலில் எடுத்துப் பாருங்கள். விண்டோஸ் சர்வர் லைசென்சுக்குள்ளேயே, விஎம்வேரின் வேலையைச் செய்யும் ஹைப்பர்-வி அடங்கியிருப்பதால், அதற்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கக்கூடும். ஸ்டாண்டர்டு பதிப்பை ஒரு சர்வர் முழுமைக்கும் ஒரு முறை வாங்கினால் இரண்டு மெய்நிகர் சர்வர்களுக்கு உரிமை கிடைக்கும். ஒரு சர்வர் படுத்துவிட்டால் எட்டும் மற்றொன்றில் ஓட வேண்டும் என்று எண்ணினால், இரண்டு சர்வர்களுக்கும் அந்த அளவுக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். டீலர்கள் பலர் விட்டுவிடும் இடம் இதுதான்.

புராக்ஸ்மாக்ஸ் நல்ல மென்பொருள். டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, விஎம்வேரிலிருந்து மெய்நிகர் சர்வர்களை இழுத்துக்கொள்ளும் வசதியும் 2024இல் வந்துவிட்டது. இலவசமாக ஓட்டலாம், சோதித்து முடித்த அப்டேட்களும் சப்போர்ட்டும் வேண்டுமென்றால் பிராசசர் கணக்கில் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். அந்த சப்போர்ட்டும் ஆஸ்திரியாவின் அலுவலக நேரத்தில்தான் கிடைக்கும். அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே ஏறக்குறைய நண்பகல். இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் பதிவேடு திறக்காமல் நின்றால், பக்கத்து வண்ணார்பேட்டையிலிருந்தாவது வண்டியெடுத்து வரக்கூடிய லினக்ஸ் தெரிந்த ஆள் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் தயங்காமல் மாறுங்கள். இல்லையென்றால் உங்களுக்கு ஹைப்பர்-விதான் ஏற்றது என்பேன். இரண்டே சர்வர்களை இணைத்துப் புராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் கூட்டு) அமைத்தால், ஒன்று நின்றதும் பெரும்பான்மை வாக்கு இல்லாமல் மற்றதும் முடங்கக்கூடும் என்பதால், மூன்றாவது வாக்குக்கு ஒரு சிறிய கணினியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூடானிக்ஸ் என்ற இன்னொரு மாற்று உங்கள் அளவுக்குப் பெரிது.

எதற்கு மாறினாலும், முக்கியத்துவம் குறைந்த ஒரு சர்வரை முதலில் மாற்றிச் சில வாரங்கள் ஓடவிடுங்கள். சர்வரை மாற்றுவதற்கு முன்பே டாலி லைசென்சைச் சரண்டர் செய்து, பழைய இடத்திலிருந்து விடுவித்துவிடுங்கள்; லேப் மென்பொருள் யுஎஸ்பி டாங்கிளில் (செருகினால்தான் மென்பொருள் ஓடும் சிறு சாவி) ஓடுகிறதா என்றும் பாருங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு சர்வரை உங்கள் கண்முன் மீட்டுக் காட்டிய பிறகே கடைசித் தவணை என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதுங்கள். வணிக நோக்கில் வாங்குபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை என்பதால், பின்னால் மாவட்ட ஆணையத்துக்குப் போனாலும் அந்தத் தடை குறுக்கே வரலாம். உங்களுக்கு உதவுவது அந்த ஆர்டரில் உள்ள வாசகமே.

கேள்வி: தென்காசியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். ஒரே சர்வர்தான். விஎம்வேரின் இலவசப் பதிப்பு திரும்ப வந்திருக்கிறதாமே?

பதில்: ஆம். 2024 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது 2025 ஏப்ரலில் திரும்பியது. ஆனால் விலைக்கு வாங்கும் பேக்கப் மென்பொருள்கள் அதனுடன் இணைந்து வேலை செய்யா, சப்போர்ட்டும் கிடையாது. பழகிப் பார்க்கலாம், கடைக் கணக்கை அதில் வைக்க வேண்டாம்.