தூக்குப்பாலமும் தீவும்: பூசானின் யோங்டோவைப் பற்றி வாசகர் கேட்டவை

சென்ற இதழில் தென் கொரியாவின் பூசான் துறைமுக நகரத்தைப் பற்றி எழுதியபோது, அந்நகரின் தீவுப் பகுதியான யோங்டோவை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றியே இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பல கடிதங்கள் வந்திருப்பதால், இம்மாதக் கேள்வி பதில் முழுவதையும் யோங்டோவுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: என் மகளுக்கு யோங்டோவிலுள்ள கடல்சார் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அது நகரமா, தீவா? எப்படிப்பட்ட இடம் என்று விவரமாகச் சொல்லுங்கள் ஐயா.
– ஒரு தாய், பாம்பன்

பதில்: யோங்டோ ஒரு தீவு, அதே சமயம் சுமார் 33 லட்சம் மக்கள் வாழும் பூசான் மாநகரின் உட்பகுதியும் ஆகும் அம்மா. பூசான் மாநகரம் 15 நகரப் பகுதிகளாகவும் ஓர் ஊரகப் பகுதியாகவும் பிரிக்கப்பட்டுள்ளது; அந்த நகரப் பகுதிகளில் ஒன்றுதான் யோங்டோ. இந்த நகரப் பகுதிகளை நம் மாநகராட்சி மண்டலங்களைப் போன்ற வெறும் அலுவலகப் பிரிவுகள் என்று எண்ணிவிட வேண்டாம்; ஒவ்வொன்றுக்கும் மக்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தலைவரும் மன்றமும் உண்டு. யோங்டோவின் பரப்பு ஏறத்தாழ 14 சதுர கிலோமீட்டர். நடுவில் 395 மீட்டர் உயரமுள்ள பொங்னே மலை நிற்பதால், சமதளம் கரையோரத்தில் மட்டுமே இருக்கிறது. வீடுகள் பெரும்பாலும் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறிச் செல்கின்றன, தெருக்கள் பலவும் படிக்கட்டுகளாகவே அமைந்துள்ளன. நம் தீவின் மணல்தரையில் நடந்து பழகிய கால்களுக்கு முதல் சில வாரங்கள் சிரமமாகத்தான் இருக்கும்.

தீவை நகரத்தோடு நான்கு பாலங்கள் இணைக்கின்றன. மெட்ரோ ரயில் மட்டும் தீவுக்குள் வரவில்லை. எதிர்க்கரையிலுள்ள நாம்போ நிலையத்தில் இறங்கிப் பேருந்தில்தான் வர வேண்டும். 1945இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம், 1974 முதல் யோங்டோவின் கிழக்குக் கரையை ஒட்டிய ஜோடோ என்னும் சிறு தீவில் இயங்குகிறது. 2012இல் திறக்கப்பட்ட தேசியக் கடல்சார் அருங்காட்சியகமும், 2017இல் இடம்பெயர்ந்து வந்த கடல் ஆராய்ச்சி நிறுவனமும் அதற்கு அருகிலேயே இருக்கின்றன. சுற்றிலும் கடல் என்பதால் காற்று கடுமையாக வீசும். ஜனவரியில் சராசரி வெப்பநிலை 3 அல்லது 4 டிகிரிதான். வளாகத்திலேயே மாணவர் விடுதி இருக்கிறது. இடம் கிடைக்குமானால் முதல் ஆண்டு அங்கேயே தங்குவது நல்லது.

கேள்வி: அங்கும் நம் பாம்பனைப் போல் தூக்குப்பாலம் இருக்கிறதாமே? கப்பலுக்காக இன்றும் திறக்கிறார்களா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மண்டபம்

பதில்: இருக்கிறது. ஆனால் அது சாலைப்பாலம். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில், 1934 நவம்பரில் திறக்கப்பட்ட யோங்டோ பாலம்தான் கொரியாவில் ஒரு தீவைப் பெருநிலத்தோடு இணைத்த முதல் பாலம் என்று சொல்லப்படுகிறது. 1914இல் திறக்கப்பட்ட நம் பழைய பாம்பன் பாலத்தில் இரு பக்கமும் இரண்டு கைகள் விரிந்து எழும். அங்கே ஒரு பக்கத்தில் மட்டும் 31 மீட்டர் அளவிலான ஒரே துண்டு மேலெழும். சாலைப் போக்குவரத்து பெருகியதால் 1966இல் தூக்குவதை நிறுத்திவிட்டார்கள். பின்னர், பழுதடைந்த பாலத்தைப் பிரித்து, நான்கு வழிகளாக இருந்ததை ஆறு வழிகளாக அகலப்படுத்தி, பழைய தோற்றத்திலேயே கட்டி, 2013 நவம்பரில் மீண்டும் தூக்கத் தொடங்கினார்கள். இன்று குறித்த நேரத்தில் சுமார் 15 நிமிடம் அது எழுவது, மக்கள் காண்பதற்காகவே.

வெறும் காட்சிக்காக இத்தனை செலவா என்று தோன்றலாம். அந்தப் பாலம் கொரியர் மனத்தில் பெற்றிருக்கும் இடம் தெரிந்தால் அப்படித் தோன்றாது. 1950இல் தொடங்கிய கொரியப் போரின்போது பூசான் தற்காலிகத் தலைநகராக இருந்தது. வடக்கிலிருந்து ஓடிவந்த மக்கள், வழியில் பிரிய நேர்ந்தால் யோங்டோ பாலத்தடியில் சந்திப்போம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிவைத்திருந்தார்கள். பூசானில் எல்லோரும் அறிந்த அடையாளம் அது ஒன்றுதான். வந்து சேராத உறவினருக்காகப் பாலத்தடியில் நாள்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் குறி சொல்லிப் பிழைத்த சோதிடர்களின் கடைகளும் அங்கே வரிசையாக உருவாயின. 1964ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தனுஷ்கோடியில் உறவுகளைத் தேடி அலைந்த குடும்பங்கள் நம்மிடையே இருப்பதால், இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய செங்குத்துத் தூக்குப்பாலம் திறக்கப்பட்டுவிட்ட நிலையில், நம் பழைய பாலத்தின் தூக்குக் கைகளையேனும் பத்திரப்படுத்த வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: நாங்கள் பாசி எடுக்கக் கடலில் முங்குகிறவர்கள். அந்த ஊரிலும் பொம்பளைகள் கடலுக்குள் முங்கித் தொழில் செய்வதாக என் மகன் போனில் காட்டினான். அவர்களையும் அதிகாரிகள் தடுப்பார்களா?
– ஒரு வாசகி, சின்னப்பாலம்

பதில்: உங்கள் மகன் காட்டியவர்கள் ஹேன்யோ எனப்படும் முக்குளிக்கும் பெண்கள். அவர்களின் பூர்விகம் தெற்கே உள்ள ஜேஜு தீவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜேஜுப் பெண்கள் பருவந்தோறும் பெருநிலக் கரைகளுக்குத் தொழிலுக்கு வந்தார்கள்; அவர்கள் முதலில் கால்வைத்த இடங்களில் ஒன்று யோங்டோ. பலர் அங்கேயே குடியேறிவிட்டதால், இன்றும் யோங்டோவில் ஜேஜு வழிவந்த குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன. ஆக்சிஜன் உருளை எதுவும் இல்லாமல் மூச்சை அடக்கி முங்கி, சங்கு வகைகள், அபலோன் என்னும் விலையுயர்ந்த சிப்பி, கடல் அட்டை, பாசி ஆகியவற்றை எடுத்து, மிதவையில் கட்டிய வலைப்பையில் சேர்க்கிறார்கள். எடுத்ததைக் கரையிலேயே நறுக்கி விற்கிறார்கள். நம் நாட்டில் 2001 முதல் கடல் அட்டையைத் தொடுவதே குற்றம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நீங்கள் கேட்ட கேள்வியின் உயிர்நாடி உரிமையில் இருக்கிறது. கொரியாவில் கரையோரக் கடலின் அடிப்பரப்பில் வளம் எடுக்கும் உரிமத்தை, கிராம மீனவர் கூட்டமைப்புகளுக்குச் சட்டப்படி வழங்குகிறார்கள். எந்தக் காலத்தில், எந்த அளவுக்கு எடுக்கலாம் என்ற கட்டுப்பாடுகள் அங்கும் உண்டு. ஆயினும் அந்தக் கூட்டமைப்பின் உறுப்பினர் என்ற முறையில் முக்குளிக்கும் பெண்ணுக்குக் கடலில் ஓர் இடம் எழுத்தில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, தலைமுறையாக அங்கே பாசி எடுத்த உங்களுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. கடல்வளத்தைக் காக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. இனப்பெருக்கக் காலத்தில் நீங்களே தொழிலை நிறுத்திவைப்பதும் தெரியும். காப்பவரின் பட்டியலில் உங்கள் பெயரும் இருந்தாக வேண்டும். ஜேஜு முக்குளிப்போரின் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும், யோங்டோவில் இன்று முங்குபவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள்; இளம்பெண்கள் வருவதில்லை.

கேள்வி: அங்கே படகுப் பட்டறைகள் உண்டா?
– விசைப்படகு பழுதுபார்ப்பவர், இராமேஸ்வரம்

பதில்: யோங்டோவே பட்டறைகளால் வளர்ந்த ஊர்தான். பாலத்துக்கு அருகிலுள்ள தேப்யோங் பகுதியில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. புதுப் பெயின்ட் அடிக்கும் முன் கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிய துருவையும் சிப்பியையும் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும் அல்லவா? அந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். போரில் கணவனை இழந்தவர்களும் அகதியாக வந்தவர்களும் கயிற்றில் தொங்கும் பலகையில் அமர்ந்து நாள் முழுதும் இரும்பைத் தட்டினார்கள். சுத்தியல் ஓசையைக் குறிக்கும் ‘காங்காங்’ என்பதே அந்தக் குடியிருப்பின் பெயராகிவிட்டது. அவர்களில் பலர் காது கேட்கும் திறனை இழந்தார்கள். பூசான் துறைமுகத்தின் வளர்ச்சியைப் பேசும்போது பாலத்தையும் கிரேன்களையும் மட்டும் சொல்லி, இந்தப் பெண்களை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்குவது நியாயமாகாது.

தீவின் பெரிய கப்பல் கட்டும் தளம் 1937இல் தொடங்கப்பட்டது. 2011 ஜனவரியில், ஆட்குறைப்பை எதிர்த்து, அந்தத் தளத்தில் முன்னர் வெல்டராகப் பணியாற்றி 1986இல் நீக்கப்பட்டிருந்த கிம் ஜின்-சுக் என்ற தொழிற்சங்கவாதி 85ஆம் எண் கிரேனின் மேலேறி, 309 நாள்கள் இறங்காமல் போராடினார். நாடெங்கிலுமிருந்து மக்கள் பேருந்துகளில் திரண்டு வந்து அவருக்குத் துணைநின்றார்கள். 2022 பிப்ரவரியில் அவரை மீண்டும் பணியில் ஏற்று, மரியாதையுடன் ஓய்வுபெறச் செய்தது நிர்வாகம். 36 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற நீதி அது.

கேள்வி: அங்கே என்ன விளைகிறது? என்ன சாப்பிடுகிறார்கள்?
– மாணவி, உச்சிப்புளி

பதில்: இன்று விவசாயம் பெரிதாக இல்லை. ஆனால் 1763இல் ஜப்பானுக்குத் தூது சென்ற சோ ஓம் என்ற அதிகாரி சூஷிமா தீவில் கண்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பூசானுக்கு அனுப்பியதாகவும், கொரியாவில் அது முதலில் பயிரானது யோங்டோவில் என்றும் அவ்வூரார் பெருமையோடு சொல்கிறார்கள். அரைத்த மீனில் செய்யும் ஓமுக் அங்கே புகழ்பெற்றது. 1953இல் தொடங்கிய ஒரு பழைய கடை இன்றும் நடக்கிறது.

கேள்வி: நான்கு பாலம், கல்லூரி, கப்பல் தளம் எல்லாம் இருந்தும் மக்கள் வெளியேறுகிறார்கள் என்று படித்தேன். ஏன்?
– ஆசிரியர், தங்கச்சிமடம்

பதில்: ஒரு காலத்தில் 2 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை இப்போது ஏறத்தாழ 1 லட்சமாகச் சுருங்கிவிட்டது. 2021இல் மக்கள்தொகை குறைந்துவரும் 89 பகுதிகளை அந்நாட்டு அரசு அறிவித்தபோது யோங்டோவும் அதில் இடம்பெற்றது. கப்பல் தொழிலில் நிலையான வேலைகள் குறைந்தன. கார் நுழையாத மலைச்சரிவு வீடுகளை விட்டு இளையோர் நகரின் கிழக்கே எழுந்த அடுக்குமாடிகளுக்கும் சியோலுக்கும் போனார்கள். இவற்றோடு, 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை என்ற அளவுக்கு நாடு முழுவதும் பிறப்பு விகிதம் வீழ்ந்தது. அகதிகள் பாறை விளிம்பில் கட்டிய ஹுயின்யோல் குடியிருப்பை ஓவியங்களும் காபிக் கடைகளும் நிறைந்த சுற்றுலா இடமாக மாற்றியிருக்கிறார்கள். கூட்டம் வருகிறது, ஆனால் மாலையானால் திரும்பிப் போய்விடும் கூட்டம் பள்ளிகளை நிரப்பாது. குடும்பத்தோடு தங்குவோருக்கு வேலையும், மலையேறாமல் சென்றடையக்கூடிய வீடும் கிடைத்தால்தான் எண்ணிக்கை நிலைகொள்ளும். தீவுக்குள் ரயில் வேண்டும் என்று மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவதும் இதனால்தான்.